தீர்த்தக் கிணற்றடி இந்தி

ராமேஸ்வரத்தில் என்னுடன் படித்தவர்களில் வீட்டில் தமிழ் பேசாதவர்களும் இருந்தார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கோயில் பூஜை செய்யும் மகாராஷ்டிர அந்தணர் வீடுகளில் மராத்திதான். அப்படி ஒரு வீட்டுப் பையன் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கணக்குப் போடும்போது உதடு மராத்தியில் முணுமுணுக்கும். எழுந்து நின்று விடையைத் தமிழில் சொல்வான், அதுவும் எங்களைவிடத் திருத்தமாக. "ரெண்டு பாஷை பேசினால் பிள்ளைக்குப் புத்தி குழம்பும்" என்று ஓர் ஆசிரியர் அவன் அப்பாவிடம் எச்சரித்தார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டு உளவியலாளர் பலரும் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1962இல் வெளியான ஆய்வில், கனடாவின் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற உளவியலாளர்கள் 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்தவர்களே அறிவுத்திறன் சோதனைகளில் ஒருமொழிப் பிள்ளைகளை முந்தினார்கள்.

படிப்பு வாசனையே இல்லாதவர்களை நினைத்தால் இன்னும் வியப்பு. அக்னி தீர்த்தக் கரையில் சங்கு விற்ற அக்கா, காசியிலிருந்து வந்த அம்மாளிடம் இந்தியில் பேரம் பேசியபடியே, கடைக்குள் கைவிட்ட மகனைத் தமிழில் ஏசுவார், பேரம் அறுந்ததில்லை. கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகளில் வாளியால் இறைத்து ஊற்றியவர்களும் அப்படித்தான். ஒரு மொழியில் பேசும்போது மற்றது உள்ளே தூங்குவதில்லையாம். அதை அடக்கிக்கொண்டே பேசுவது மனத்துக்கு ஓயாத பயிற்சி என்கிறார்கள். ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 முதுமை மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவில், இருமொழியாளருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தி வந்திருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இப்படி ஒரு வேறுபாடு தெரிந்தது. இளையவர்களிடம் பெரிய பலனைக் காணாத ஆய்வுகளும் உண்டு. ஆகவே இரண்டு மொழியில் பிள்ளையை மேதையாக்குவதாகக் கட்டணம் கேட்கும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த அக்காவின் இந்தியை ஊரில் யாரும் படிப்பாக மதித்ததில்லை. அரைகுறை ஆங்கிலம் பேசிய எங்களுக்கோ தனி மரியாதை. மொழி மனத்துக்குச் செய்வது எதுவானாலும், சமூகம் தருகிற மதிப்பு அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்த்தே.

இங்கே என் பேரன் நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். திட்டி என்ன பயன்? தமிழில் கேட்டு வாங்கவோ சண்டை போடவோ அவனுக்கு இங்கே ஆளில்லை. கோடை விடுமுறைக்கு அவனை ஊரில் என் தங்கை வீட்டில் விட்டுவைக்க மகளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வெயில் ஒத்துக்கொள்ளாதாம், இன்னும் சம்மதிக்கவில்லை.