மொட்டமாடி சோலாரும் உப்புக்காத்தும்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல நம்ம வீட்டு மொட்டமாடில 3 கிலோவாட் சோலார் போட்டாச்சு. ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி, முழுசும் முதல்ல நாமதான் கட்டணும், மத்திய அரசோட பிஎம் சூர்யா கர் திட்ட மானியம் 78,000 அப்புறமாத்தான் பேங்குக்கு வரும். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு மேல எவ்ளோ போட்டாலும் அதே 78,000தான், அதனால 5 போடுங்கன்னு எவனாவது சொன்னா யோசிச்சுக்கங்க.

வெயிலுக்கு நம்ம மாவட்டத்துல பஞ்சமா, கமுதில 648 மெகாவாட்டுக்குப் பரப்பி வச்சிருக்காங்களே. நல்ல வெயில்ல நாளுக்கு 12 யூனிட் வருது, ரெண்டு மாசத்துக்கு 4,000 கிட்ட வந்த பில்லு இப்ப சில நூறுதான், போட்ட காசு ஆறு வருஷத்துல வந்துரும்னு என் கணக்கு. ஆனா ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீட்டுக்கு அவசரமே இல்ல, முதல் 100 யூனிட்டுதான் சும்மாவே கிடைக்குதே.

உப்புதாங்க பிரச்சன. எட்டே மாசத்துல ஸ்டாண்டு போல்டெல்லாம் துருப்பிடிச்சு, தொட்டா செவப்பா ஒட்டுது, மாட்டுன ஆளு போனே எடுக்கல, நானே துருப்பிடிக்காத எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் வாங்கி மாத்துனேன். பேனல்ல வெள்ளையா உப்புப் படியும், போர் தண்ணி ஊத்துனா இன்னும் மோசம், விடியக்கால நல்ல தண்ணி ரெண்டு கொடம் ஊத்தித் துணியால தொடைக்கணும். அம்மாவுக்கு வயிறு எரியும், "குடிக்கிற தண்ணிய கண்ணாடிக்கு ஊத்துறியேடா!"

இன்னொன்னு, பேட்டரி இல்லாத ஆன்கிரிட்ல, அதாவது ஈபி லைனோட சேந்து ஓடுற சோலார்ல, கரண்டு போனா சோலாரும் ஆஃப் ஆயிரும், லைன்ல வேல பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக்கூடாதுன்னு அப்படி. அம்மா இன்னும் நம்ப மாட்டேங்குறாங்க, "வெயிலு மண்டையப் பொளக்குது, ஃபேன் ஏண்டா நின்னுச்சு?"