ஏழு கோழிகளுக்குப் பிறகு: வீட்டில் வளர்த்த கோழியின் கறியை மென்மையாக்கிய அனுபவம்

வளர்த்த சேவலை முதன்முதலாக அறுத்துச் சமைத்த அன்று, ஒன்றரை மணி நேரம் கொதித்த பிறகும் தொடைக்கறி பல்லுக்கு மசியவில்லை. வீட்டுக் கோழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி எல்லோரும் சாற்றை மட்டும் குடித்துவிட்டு எழுந்தோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த கோழியிலிருந்து ஒரு நோட்டில் வயது, அறுத்த நேரம், சமைத்த நேரம், சமைத்த விதம், கறி இருந்த நிலை ஆகியவற்றை எழுதி வரத் தொடங்கினேன். பத்து மாதங்களில் ஏழு கோழிகள் ஆகியிருக்கின்றன.

இரண்டாவது கோழியில் செய்த தவறு முதலாவதைவிடப் பெரியது. அறுத்துச் சுத்தம் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் துண்டு போட்டு நேராக ஃபிரீசரில் வைத்தேன். சீக்கிரம் உறைந்தால் கறி புதிதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்தபோது, பனி இளக இளகத் துண்டுகள் கண்ணெதிரே சுருங்கி விறைத்தன, பாத்திரத்தில் நிறைய நீர் வடிந்து நின்றது. அந்தக் கறி முதல் சேவலின் கறியைவிட மோசமாக இருந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான், அறுத்த பிறகும் தசைக்குள் நீண்ட நேரம் வேலை நடக்கிறது என்பது புரிந்தது. தசை நார்கள் சுருங்கவும் விரியவும் ஏடிபி என்ற ஆற்றல் பொருள் வேண்டும்; உயிர் போனபின் அது தீர்ந்துபோவதால், சுருங்கிய நார்கள் ஒன்றையொன்று பற்றியபடியே பூட்டிக்கொள்கின்றன. அறுத்த சில மணி நேரத்தில் உடல் கட்டைபோல் ஆவது இதனால்தான். பிறகு கால்பெய்ன் போன்ற நொதிகள் நார்களைத் தாங்கி நிற்கும் புரதங்களை மெதுவாக அறுக்கின்றன, விறைப்பு தளர்கிறது. பூட்டிக்கொண்ட நிலையிலேயே அடுப்பில் ஏற்றியதுதான் முதல் கோழியில் நடந்தது. விறைப்பே வருவதற்கு முன் உறைய வைத்ததால், அந்தச் சுருக்கம் முழுவதும் பனி இளகும்போது ஒரேயடியாக நடந்தது இரண்டாவதில்.

படித்ததை நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்க ஒரே ஈட்டில் முட்டையிலிருந்து பொரிந்த இரண்டு சேவல்கள் கிடைத்தன. இரண்டுக்கும் அப்போது இருபது வாரம். ஒன்றை வெள்ளிக்கிழமை காலையில் அறுத்து, பனிக்கட்டி போட்ட நீரில் முழுவதுமாகக் குளிரவைத்துத் துடைத்து, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் 4 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தேன். மற்றதை ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுத்து, மூன்று மணி நேரத்தில் இரண்டையும் ஒரே பானையில், ஒரே உப்பில், ஒரே நேரம் வேகவைத்தேன். எது எது என்று தெரிவதற்காக முதல் சேவலின் கால் எலும்பில் வெள்ளை நூல் கட்டியிருந்தேன். சாப்பிட்டவர்களிடம் நூலைப் பற்றிச் சொல்லவில்லை. நான்கு பேரும் நூல் கட்டியதையே மென்மையானது என்றார்கள். என் மகன், மற்றது வேறு கோழியா என்று கேட்டான். இந்த ஒரு நாளில் தெரிந்துகொண்ட அளவுக்கு மற்ற எல்லாச் சோதனைகளிலும் சேர்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது இளங்கோழியை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரையும், வயதான கோழியை மூன்று நாள் வரையும் குளிரில் வைக்கிறேன். கடிகாரத்தைவிட நம்பகமான அடையாளம் காலில் இருக்கிறது: தொடையைப் பிடித்து அசைத்தால் மூட்டு தடையில்லாமல் ஆட வேண்டும், கட்டையாக நின்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். இந்த நாள்களில் கோழியை முழுதாகவே வைக்கிறேன், ஏனெனில் விறைப்பு முடியுமுன் சதையை எலும்பிலிருந்து பிரித்தால், இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நார்கள் மேலும் சுருங்கிவிடும். கடைசி நாளில் எடைக்கு ஒன்றரை சதவீத உப்பை உள்ளும் புறமும் தடவிவிடுகிறேன். மறுநாள் வேகும்போது சதை குறைவாகவே நீர் விடுகிறது. பப்பாளிக்காயை அரைத்துத் தடவியும் ஒருமுறை பார்த்தேன். மேற்பரப்பு கூழாகி, உள்ளே எந்த மாற்றமும் இல்லாததால் அதை விட்டுவிட்டேன்.

அறுப்பதற்கு முந்தைய வேலைகளும் கறியில் தெரிகின்றன. பகலில் துரத்திப் பிடித்த கோழி சிறகடித்துப் போராடும்போது தசையில் சேர்த்து வைத்திருந்த சர்க்கரைச் சத்து விரைவாகச் செலவாகி, விறைப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆகவே முதல் நாள் இரவு, இருட்டில் அடைந்திருக்கும்போது சத்தமில்லாமல் தூக்கித் தனிக் கூண்டில் விடுகிறேன். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான், தீனி கிடையாது. பத்து மணி நேரத்தில் தீனிப்பையும் குடலும் காலியாகிவிடுவதால் சுத்தம் செய்யும்போது கறியில் அழுக்குப் படுவதில்லை. இறகு பிடுங்க முதலில் கொதிக்கும் நீரையே ஊற்றினேன். தோல் கிழிந்தது, நெஞ்சுக்கறியின் மேற்பரப்பு பாதி வெந்து வெளுத்தது. இப்போது வெப்பமானி வைத்து 62 டிகிரி நீரில் முக்கால் நிமிடம் முக்கி அசைக்கிறேன். வால் இறகு இழுத்தவுடன் வந்தால் போதும்.

ஆறாவது, இரண்டு வயது கடந்து முட்டையிடுவதை நிறுத்திய பெட்டைக்கோழி. மூன்று நாள் வைத்திருந்தும், கொதிக்கக் கொதிக்க ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தபோது கடினமாகவே இருந்தது. இங்கே தடையாக இருந்தது நார்களின் விறைப்பு அன்று; அவற்றைச் சுற்றியுள்ள கொலாஜன் என்ற இணைப்புத் திசு. வயது ஏற ஏற அதன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன. அவை கரைந்து ஜெலட்டினாக மாற வெப்பத்தைவிட நேரம்தான் அதிகம் வேண்டும். சாதாரணப் பானையில் தீயை அதிகரித்தால் நார்கள் சுருங்கித் தம் நீரைப் பிழிந்து வெளியேற்றுமே தவிரக் கொலாஜன் அவசரப்படுவதில்லை. அடுப்பைத் தணித்து, ஓரத்தில் மட்டும் குமிழி எழும் அளவில், ஏறத்தாழ 90 டிகிரியில், மேலும் இரண்டரை மணி நேரம் விட்டபிறகு தொடை எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. மறுநாள் ஃபிரிட்ஜில் அந்தச் சாறு கட்டியாக உறைந்திருந்தது; கரைந்த கொலாஜன் எங்கே போனது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பிரஷர் குக்கரில் 40 நிமிடத்தில் இதே வேலை முடியும் என்பது உண்மைதான். அழுத்தத்தில் வெப்பம் 120 டிகிரியை நெருங்குவதால் கொலாஜன் விரைவில் கரைகிறது. ஆனால் அதே வெப்பத்தில் நார்கள் வறண்டு, மென்றால் பஞ்சுபோல் பிரிகின்றன. அவசரமான நாளுக்கு அது போதும், ஆவியைத் திடீரென்று திறந்துவிடாமல் தானாக அடங்கவிட்டால் சற்று மேலும் நன்றாக இருக்கிறது.

ஏழாவதாக அறுத்த பதினான்கு வார இளஞ்சேவலுக்கு இந்தப் பொறுமை எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றரை நாள் குளிரில் இருந்த அதை முழுதாக ஓவனில் வாட்டி, தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானி 74 டிகிரி காட்டியதும் எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு வெட்டினேன். நெஞ்சுக்கறிகூட ஈரத்தோடு இருந்தது. அந்த வயதில் நீண்ட நேரம் வேகவைத்திருந்தால் அது சக்கையாகியிருக்கும்.

தீராத பிரச்சினை வயதான கோழியின் நெஞ்சுக்கறிதான். தொடை பதமாகும் நேரத்தில் அது உலர்ந்துவிடுகிறது. முன்னதாக எடுத்தால் வேகாத கடினம் இருக்கிறது. தோட்டத்தில் மூன்று வயதுச் சேவல் ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் ஒன்றரை மணி நேரத்தில் நெஞ்சுப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, கடைசி கால் மணி நேரத்தில் மீண்டும் சாற்றில் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.