‘12 லட்சம் வரைக்கும் வரி இல்லை’: சம்பளத்தோடு தோப்பும் மனையும் இருந்தால்?

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் பட்ஜெட் உரையை முடித்துவிட்டு உட்கார்வதற்குள், ஓசூர் சிப்காட் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து அரூர் டீக்கடை வரை ஒரே பேச்சு: “12 லட்சம் வரைக்கும் வரி கிடையாதாம்.” சம்பளக்காரர்களுக்குச் சந்தோஷம். விவசாயிகளுக்கு, “நாம எப்ப வரி கட்டினோம், நமக்கென்ன” என்கிற அலட்சியம். இன்னொரு பக்கம், “பைக் விலை குறையுமா, மொரப்பூர் – தருமபுரி ரயிலுக்குக் காசு ஒதுக்கினாங்களா” என்ற கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ரயில்வே பட்ஜெட் 2017 முதல் பொது பட்ஜெட்டோடு சேர்ந்துவிட்டது. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்பது நிதியமைச்சர் உரையில் வராது, ரயில்வே அமைச்சகத்தின் ‘பிங்க் புக்’கில்தான் இருக்கும். பைக் விலையைத் தீர்மானிக்கிற ஜிஎஸ்டியும் பட்ஜெட்டில் இல்லை, அது ஜிஎஸ்டி கவுன்சிலின் வேலை. 350 சிசி வரையிலான பைக்குக்கு 28% வரி 18% ஆனதும், கிரானைட் பிளாக்குக்கு 12% வரி 5% ஆனதும் 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த கவுன்சில் முடிவுகள். பாலிஷ் போட்ட ஸ்லாபுக்கு அந்தச் சலுகை இல்லை, 18% அப்படியே நிற்கிறது. பட்ஜெட் நாளில் இவற்றை எதிர்பார்த்து டிவி முன்னால் உட்கார்வது வீண்.

இனி வருமான வரி. “வரி இல்லை” என்ற வாக்கியம்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் மாவட்டங்களில் பலரைத் தவறான கணக்குக்குக் கொண்டுபோகிறது. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் 4 லட்சம் வரைதான் உண்மையிலேயே வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%, அதற்கு மேல் 30%. 12 லட்சம் வருமானத்துக்கு இந்தக் கணக்கில் 60,000 ரூபாய் வரி வருகிறது. அந்த 60,000-ஐ 87ஏ பிரிவின் கீழ் அரசு தள்ளுபடி செய்கிறது. வரியைப் போட்டுவிட்டுப் பிறகு கழிக்கிறார்கள். இந்த வித்தியாசம் ஏட்டில் மட்டும் இருப்பது போலத் தெரியும். சம்பளத்தோடு தோப்பு, மனை, வட்டி எது சேர்ந்தாலும் அது கைக்காசைத் தொடும்.

சம்பளம் மட்டும் உள்ளவருக்குச் சிக்கல் குறைவு. 75,000 ரூபாய் நிலையான கழிவு இருப்பதால் 12,75,000 வரை வரி பூஜ்யம். அதைத் தாண்டியதும் மொத்தமாக 60,000 விழுந்துவிடும் என்று பயந்து, “இந்த வருஷம் ஓவர்டைம் வேண்டாம்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. கழிவு போக வருமானம் 12,10,000 என்றால், மேலே சொன்ன விகித அடுக்குகளின்படி, அதாவது ஸ்லாப்படி, வரி 61,500. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியது 10,000 மட்டுமே என்பதால் வரியும் 10,000-தான், அதோடு 4% செஸ் 400. இந்த விளிம்புச் சலுகை ஏறக்குறைய 12,70,500 வரை வேலை செய்யும். அந்த இடைவெளியில் கூடுதலாகச் சம்பாதிப்பது முழுக்க வரிக்கே போகிறது என்பது நிஜம். ஆனால் கையில் இருப்பது குறையாது, செஸ் அளவுக்கு மட்டும் லேசாக உரசும்.

தோப்புக் கணக்கு வேறு. கிருஷ்ணகிரி பக்கம் வாத்தியார் வேலையும் நாலு ஏக்கர் மாந்தோப்பும் ஒரே வீட்டில் இருப்பது சாதாரணம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, சரிதான். ஆனால் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் 4 லட்சத்தைத் தாண்டினால், விகிதம் கணக்கிட மட்டும் இரண்டையும் சேர்ப்பார்கள். இதைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. கணக்கு இப்படி: சம்பளத்தில் கழிவு போக 11 லட்சம், தோப்பில் செலவு போக 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டையும் கூட்டிய 17 லட்சத்துக்கு ஸ்லாப்படி வரி போட வேண்டும்: 1,40,000. அடுத்து தோப்பு வருமானத்தோடு 4 லட்சம் சேர்த்து, அந்த 10 லட்சத்துக்கு வரி: 40,000. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1,00,000. தள்ளுபடி அதிகபட்சம் 60,000. மீதி 40,000-ம் செஸ் 1,600-ம் கட்டியாக வேண்டும். “12 லட்சத்துக்குள்ளதானே சம்பளம்” என்று இவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், பிறகு வரும் நோட்டீஸில் வட்டியும் சேர்ந்திருக்கும்.

அதே சம்பளக்காரருக்குத் தோப்பில் 2 லட்சம் மட்டும் என்றால் 5,200 ரூபாய் வரும். 1 லட்சம் என்றால் வரி 55,000-தான் வருகிறது, தள்ளுபடி முழுவதையும் விழுங்கிவிடும். சம்பளம் 8 லட்சமாக இருந்தால் தோப்பில் 6 லட்சம் வந்தாலும் பூஜ்யமே. ஆகச் சம்பளம் 12 லட்சத்தை நெருங்க நெருங்கத்தான் தோப்பு கடிக்கும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: அலுவலகத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் இந்தத் தொகை வராது. சம்பளத்துக்கான வரிச் சான்றான ஃபார்ம் 16-ல் வரி பூஜ்யம் என்றுதான் இருக்கும். கட்ட வேண்டியது 10,000 ரூபாய்க்கு மேல் என்றால் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும். குத்தகைக்காரர் பணம் பெரும்பாலும் ஜூலைக்குள் கைக்கு வந்துவிடுவதால் செப்டம்பர் தவணைக்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

ரிட்டர்ன் படிவத்திலும் தவறு நடக்கிறது. விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 போடக்கூடாது, சம்பளக்காரருக்கு ஐடிஆர்-2. செலவு போன வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் நிலம் உள்ள மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்றெல்லாம் அதில் கேட்கும். பட்டா நகல், குத்தகை ஒப்பந்தம், மண்டி ரசீது, மருந்து, உழவு, ஆள்கூலிக் கணக்கு ஆகியவற்றை ஒரு ஃபைலில் வைத்திருந்தால் போதும். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை அடிமட்டத்துக்குப் போனதே, அப்படி நஷ்டமானால் அதைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. பின்னால் வரும் 8 ஆண்டுகளின் விவசாய வருமானத்தில்தான் கழிக்கலாம்.

எது விவசாய வருமானம் என்பதிலும் ஊர் வழக்கும் சட்டமும் ஒத்துப்போவதில்லை. காயை மரத்திலேயே விட்டுக் குத்தகைக்குக் கொடுத்தாலும் அது விவசாயம்தான். சந்தூர் பக்கத்து ஒட்டுக்கன்று நர்சரி வருமானமும் விவசாயம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கறவை மாட்டுப் பால், கோழிப்பண்ணை, மாங்கூழ் ஆலை லாபம் இவை விவசாயம் அல்ல. தருமபுரி அங்காடிக்கு வரும் பட்டுக்கூடும் அப்படியே. மல்பெரி வளர்ப்பது விவசாயம், கூடு விற்பது விவசாயம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பட்டு வளர்ப்பவர் பலருக்கு வருமானம் 4 லட்சத்துக்குள் என்பதால் இது தெரியாமலே ஓடுகிறது.

“தோப்பை மனைவி பேருக்கு எழுதிட்டா ஆச்சு” என்கிற யோசனை அடிக்கடி காதில் விழும். கணவர் தானமாக எழுதிக் கொடுத்த நிலத்தின் வருமானம் கணவர் கணக்கிலேயே சேரும். மனைவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த நிலம் என்றால் அது தனி.

அடுத்து மனை. தள்ளுபடியை இதைவிடக் கொடூரமாக அறுப்பது வேறில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த மனையை விற்றால் லாபத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்திக்கொண்டு 20% போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். இந்த வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. அதோடு நிற்காமல், அந்த லாபம் மொத்த வருமானத்தில் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்ட வைத்தால் சம்பளத்துக்கு இருந்த தள்ளுபடியும் போய்விடும். கழிவு போகச் சம்பளம் 9 லட்சம், மனை லாபம் 6 லட்சம் என்றால் மொத்தம் 15 லட்சம். மனைக்கு 75,000, சம்பளத்துக்கு 30,000, செஸ் சேர்த்து 1,09,200. மனை விற்காத வருடத்தில் அதே ஆளுக்கு வரி பூஜ்யம்.

விவசாய நிலம் விற்றால் வரியே இல்லை என்பதும் பாதி உண்மை. நகராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது அது. மக்கள்தொகை 10,000 முதல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கி.மீ., ஒரு லட்சம் முதல் 10 லட்சம் வரை என்றால் 6 கி.மீ., அதற்கும் மேல் 8 கி.மீ. அந்த எல்லைக்கு வெளியே இருந்தால்தான் வரி இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் ஒரு லட்சத்துக்குள், ஓசூர் ஒரு லட்சத்துக்கு மேல். தூரம் ரோட்டு வழியாக அல்ல, நேர்கோட்டில். பாகலூர் ரோட்டில் வண்டி மீட்டரைப் பார்த்து “எட்டு கிலோமீட்டர் வருதே” என்று சொல்வது செல்லாது. எல்லையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிப்பதில்லை, மாநகராட்சி ஓரத்திலிருந்து அளப்பார்கள். வி.ஏ.ஓ. அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். லேஅவுட் போட்டுக் கல் நட்ட கொல்லையை விவசாய நிலம் என்று வாதாடுவது கஷ்டம். பத்திரத்தில் குறைத்துக் காட்டினாலும் வழிகாட்டி மதிப்பைத்தான் விற்ற விலையாக எடுப்பார்கள், 10% வரைதான் விட்டுக்கொடுப்பு.

ஓசூரில் வேலை மாறுபவர்களுக்குத் தனிப் பள்ளம் இருக்கிறது. முதல் ஆறு மாதம் ஒரு கம்பெனியில் 6.5 லட்சம், அடுத்த ஆறு மாதம் இன்னொன்றில் 7.5 லட்சம். இரண்டு இடத்திலும் தனித்தனியே 12.75-க்குள் வருவதால் இருவருமே வரி பிடிக்காமல் விட்டுவிடக்கூடும். சேர்த்தால் 14 லட்சம், ஒரு 75,000 மட்டும் கழித்து 13.25 லட்சம், வரி செஸ்ஸோடு 81,900. ரிட்டர்ன் போடும் ஜூலையில் இது ஒரே அடியாக வட்டியோடு வரும். புதுக் கம்பெனியில் சேர்ந்த வாரமே முந்தைய சம்பள விவரத்தைக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவார்கள்.

பேங்க் வட்டி டிடிஎஸ் வரம்பு அதே பட்ஜெட்டில் மூத்த குடிமக்களுக்கு 50,000-லிருந்து ஒரு லட்சமாகவும், மற்றவர்களுக்கு 40,000-லிருந்து 50,000 ஆகவும் உயர்ந்தது. 60 வயது தாண்டியவர் வரி பூஜ்யம் என்றால் டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று பேங்க்கில் உறுதிமொழிப் படிவம் (2025-26-ல் 15எச்) கொடுக்கலாம். இளையவர் அதே போன்ற படிவம் (2025-26-ல் 15ஜி) கொடுக்க, வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, வட்டியும் 4 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வரம்பு ஏறியது பிடித்தத்துக்குத்தான், வட்டிக்கு வரி விலக்கு என்று படிக்கக்கூடாது.

சேமிப்பு, கடன் வட்டி என்று கழிவு காட்டுகிற பழைய வரி முறையிலேயே இருப்பதா என்று கேட்பவர்களுக்கு: சம்பளம் 15 லட்சம் என்றால் புதிய முறையில் செஸ் இல்லாமல் 93,750. பழைய முறையில் அதே தொகை வர, 50,000 நிலையான கழிவு தவிர 5,43,750 ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். 80சி பிரிவில் பி.எஃப்., இன்சூரன்ஸ் போன்ற சேமிப்பு 1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, என்பிஎஸ் ஓய்வூதியச் சேமிப்பு 50,000 எல்லாம் போட்டாலும் 4.25 லட்சம்தான். மீதிக்கு நிஜமான வாடகைச் சலுகை வேண்டும். தருமபுரி வாடகையில் அது தேறாது.

வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்ன் வேண்டாம் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் அதிகம் மாட்டுகிறார்கள். மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே போட வேண்டும். ஜூலை 31-ஐத் தவறவிட்டால், வரி பூஜ்யமாக இருந்தாலும் 5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 5,000 தாமதக் கட்டணம், கீழே 1,000. தாமதமாகப் போட்டால் பழைய முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது. போடுவதற்கு முன், வருமான வரித் துறை உங்கள் பேரில் திரட்டி வைத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்து பாருங்கள், நீங்கள் மறந்த கூட்டுறவு பேங்க் வட்டியும் மனைப் பத்திரமும் அதில் உட்கார்ந்திருக்கக்கூடும். போட்டபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி வைத்து இ-வெரிஃபை செய்ய வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் பழசாக இருந்தால் ஓடிபி வராது, அதை ஆதார் மையத்தில் ஜூன் மாதமே மாற்றிவிடுவது நல்லது.