பாங்காக்கில் மூன்று நாள்: முதலில் ரயிலைப் பாருங்கள், பிறகு ஹோட்டலை

யாங்கூனிலிருந்து பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. இறங்கியபின் சாயங்கால நெரிசலில் டாக்ஸிக்குள் அதைவிட அதிக நேரம் உட்கார நேரிடலாம். அதனால் அறை விலையைப் பார்ப்பதற்கு முன் பிடிஎஸ், எம்ஆர்டி என்ற நகர ரயில்களின் வரைபடத்தைப் பாருங்கள். அசோக், சாலா டேங் இரண்டிலும் இந்த இரண்டு ரயில்களும் சந்திக்கின்றன. அங்கிருந்து பத்து நிமிட நடைக்குள் சின்ன அறை கிடைத்தாலும் போதும். தூரத்தில் நீச்சல் குளத்தோடு மலிவாகக் கிடைப்பது மூன்று நாள் பயணத்துக்கு வீண். ஒரு ரயிலின் டிக்கெட் மற்றதில் செல்லாது, மாறும்போது புதிதாக வாங்க வேண்டும்.

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று கட்டாயம் பாருங்கள். சுவர்ணபூமி என்றால் கட்டடத்தின் அடித்தளத்திலேயே ரயில் இருக்கிறது; 45 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்துப் பாயா தாய் நிலையம் போய் பிடிஎஸ் மாறலாம். டான் முவாங் என்றால் சிவப்பு லைன் ரயிலில் குருங் தெப் அபிவாட் (பழைய பெயர் பாங் சூ) போய் எம்ஆர்டி. அங்கே நேரம் நம் யாங்கூனைவிட அரை மணி முன்னால் ஓடும். திரும்பும் அன்று கடிகாரத்தை மாற்றாதவர் விமானத்தை விடுவார்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. நம் மியான்மர்ப் பணமான சியாட்டை நம்பிப் போகாதீர்கள், டாலரே வசதி. கசங்காத நூறு டாலர் நோட்டுக்குச் சில்லறை நோட்டைவிட நல்ல விலை தருவார்கள். சுவர்ணபூமியில் மேல்தளக் கவுண்டர்களை விட்டுவிட்டு ரயில் தளத்துக்கு இறங்கி மாற்றுங்கள்.

கிராண்ட் பேலஸ் அரண்மனைக்குக் காலை எட்டரைக்கே போய்விடுங்கள். டிக்கெட் 500 பாட், மாலை மூன்றரையோடு விற்பனை முடியும். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை போட்டால் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒருவர் வந்து 'இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்' என்பார். அவருடைய துக்துக் போய் நிற்பது நகைக்கடையில். சனாம் சாய் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம்.

சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே வண்டிகள் இடப்பக்கமாக ஓடுகின்றன, நம் கண் அதற்குப் பழகியதில்லை.

சைவம் சாப்பிடுவோர் 'ஜே' என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் 'காய்கறி' என்றால் மீன் சாறு ஊற்றித்தான் வரும். ஜே சமையலில் பூண்டு, வெங்காயமும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்தால் அந்தக் கடைதான். சீலோம் சாலை மாரியம்மன் கோவிலுக்கு டாக்ஸியில் போவதானால் 'வாட் கேக்' என்று கேட்டால்தான் ஓட்டுநருக்குப் புரியும். விஜயதசமி ராத்திரி அந்தச் சாலையில் தேர் ஓடும், வண்டி ஓடாது. அன்று பிடிஎஸ் சுராசாக் நிலையத்தில் இறங்கி நடப்பதுதான் நல்ல வழி.