டேபிள் சா: அலமாரிக்கு முன் அளவு வேலை

மேஜை நடுவே வட்ட பிளேடு சுற்றி மரம் அறுக்கும் மெஷினான டேபிள் சா, பத்து அங்குலத்தில் ஒன்று வாங்கி மாடிக் கொட்டகையில் வைத்தாயிற்று. நாட்டுத் தேக்கில் ஒரு புத்தக அலமாரி செய்வதாகத் திட்டம். ஆனால் இதுவரை மரம் அறுத்ததைவிட மெஷினை அளந்துகொண்டிருந்ததுதான் அதிகம். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்த மெஷினில் விரல் தப்புவது பாதிக்கு மேல் சுவிட்ச் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

மேஜைக்கு மேலே தெரியும் பிளேடு நம் பக்கமாகச் சுற்றுகிறது. முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும், பின்பக்கப் பற்கள் மேலே எழும்பி வரும். அறுபட்ட மரம் அந்தப் பின்பற்களில் மாட்டினால் தூக்கி நம் மேலேயே எறியும். கிக்பேக் என்பது இதைத்தான். 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4800 சுற்று சுற்றினால் பல்நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 230 கி.மீ. பலகை வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடுக்குள் இழுபடுவது இன்னும் மோசம்.

அதனால் முதல் வேலையாக, மரத்தைக் குறுக்கே அறுக்கப் பிடித்துத் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடும் பள்ளத்துக்கு பிளேடு இணையாக நிற்கிறதா என்று பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அதை முன்னே கொண்டுவந்து பள்ளத்திலிருந்து அளந்தேன். அப்புறம் பிளேடைக் கையால் திருப்பி, அதே பல்லைப் பின்னே கொண்டுபோய் அளந்தேன். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் கோணலும் கணக்கில் சேர்ந்து குழப்பும். டயல் கேஜ் இல்லை; பைக் மெக்கானிக்குகள் டேப்பெட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் மூலைமட்டமும் போதுமாக இருந்தன. வித்தியாசம் 0.4 மி.மீ. வந்தது. மேஜைக்கு அடியில் போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியால் லேசாகத் தட்டி 0.1-க்குள் கொண்டுவந்தேன். போல்ட்டை இறுக்கும்போது மறுபடி நகரும், பொறுமை வேண்டும்.

அறுக்கும் மரம் ஒட்டி நகரும் பக்கத் தடுப்பான ஃபென்ஸையும் அதே பள்ளத்தை வைத்தே சரிசெய்தேன். பின்முனை மட்டும் ஒரு தாள் கனம் விலகியிருந்தால் நல்லது. பிளேடு பக்கம் சாய்ந்திருக்கவே கூடாது. சாய்ந்தால் மரம் ஃபென்ஸுக்கும் பின்பற்களுக்கும் நடுவே நெரிபடும்.

பக்கத்துத் தெருப் பட்டறை ஆசாரி அண்ணன் ஒரு நாள் வந்து பார்த்தார். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற தகட்டைக் காட்டி, “இதைக் கழட்டிப் போடுங்க தம்பி, வேலைக்கு இடைஞ்சல்” என்றார். அப்புறம் என் சட்டங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். “இது முறுக்கு மரம். அறுக்க அறுக்க வாயை மூடும், பார்த்துக்குங்க.” அவர் சொன்னது அப்படியே நடந்தது. பாதி நீளம் போனதுமே அறுத்த இடைவெளி நெருங்கி, அந்தத் தகட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. தகடு இல்லாவிட்டால் பிடித்திருப்பது பிளேடைத்தான். மெஷினை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகு ஆப்பு வைத்து மரத்தை வெளியே எடுத்தேன். மரத்தைப் பற்றி அண்ணன் சொல்வதை இனி மறுபேச்சில்லாமல் கேட்பேன். தகடு மட்டும் இருந்த இடத்தில் இருக்கும்.

புது பிளேடு வாங்கும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். தகடு பிளேடின் உடலைவிடக் கனமாகவும் பற்கள் போடும் வெட்டைவிட மெல்லியதாகவும் இருந்தால்தான் உதவும். நடுத்துளையிலும் 25.4, 30 மி.மீ. என்று இரண்டு வகை இருப்பதால் பார்த்து வாங்க வேண்டும். மரத்தை நீளவாக்கில் கிழிக்க 24 பல், பிளைவுட்டுக்கு 60 பல் என்று வைத்திருக்கிறேன்.

அறுக்கும்போது பிளேடுக்கு நேராக நிற்பதில்லை, இடப்பக்கம் தள்ளி நிற்கிறேன். கையுறை போடுவதே இல்லை. நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி, காது மூடி, முகக்கவசம் மூன்றும் உண்டு. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். பிளேடின் உயரம், பல் மரத்துக்கு மேலே முழுதாகத் தெரியும் அளவு போதும். குறுகிய பட்டிகளைத் தள்ள, 12 மி.மீ. பிளைவுட்டில் பின்னால் குதி வைத்த தள்ளுகட்டை ஒன்று செய்திருக்கிறேன். தேய்ந்தால் வேறு செய்துகொள்ளலாம். குறுக்கே அறுக்கையில் மைட்டர் கேஜ் மட்டும்தான். ஃபென்ஸையும் சேர்த்து உபயோகித்தால் துண்டு நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கரண்டு விஷயம் ஒன்று. சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டினால் மோட்டார் திணறும். 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து, எர்த்தோடு, 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்துக்கொண்டேன்.

பிளேடைச் சுற்றியுள்ள தட்டின் இடைவெளி இன்னும் அகலமாகவே இருக்கிறது. மெல்லிய சீவல்கள் உள்ளே விழுந்து சிக்கப் பார்க்கின்றன. பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் பிளந்த பிளைவுட் தட்டு ஒன்றைச் செய்து பொருத்த வேண்டும். அலமாரியின் 6 மி.மீ. பட்டிகளை அதற்குப் பிறகுதான் அறுக்கப் போகிறேன்.