வாலாட்டி வந்தவனை விரட்டிய பாட்டு

மார்ச் 4
அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பிக் மாமா தார்ன்டன் பாடிய 'ஹவுண்ட் டாக்' (வேட்டைநாய்) பாட்டை நெடுநாள் கழித்து இன்று கேட்டேன். முதல் சொல்லிலேயே அந்தக் குரல் உறுமுகிறது. தன் உழைப்பில் உண்டு வளர்ந்துவிட்டு மறுபடியும் வாசலில் வாலாட்டி நிற்கும் ஒருவனை, இனி உனக்கு இங்கே சோறு கிடையாது என்று ஒரு பெண் விரட்டும் பாட்டு அது. நாய் என்பது அங்கே ஓர் ஆணின் மேல் விழும் வசைச்சொல்.

மார்ச் 5
1952 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸில், இசைக்குழுத் தலைவர் ஜானி ஓடிஸ், பாட்டு எழுதிவந்த ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் இருவரைத் தம் ஒத்திகைக்கு அழைத்து, தார்ன்டனுக்குப் பாட்டு எழுதித் தரச் சொன்னார். இருவருக்கும் அப்போது வயது 19. தார்ன்டனின் ஆகிருதியையும் குரலையும் கண்டு மலைத்துப்போன அவர்கள், ஸ்டோலரின் வீட்டுக்கு விரைந்து கால் மணி நேரத்துக்குள் எழுதி முடித்தார்கள். தார்ன்டன் அதை முதலில் மெல்லிய காதல் பாட்டைப்போல இழைத்துப் பாட, அது அப்படி அன்று என்று லீபர் தாமே பாடிக் காட்ட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 13 அன்று நடந்த ஒலிப்பதிவில் ஓடிஸே டிரம்ஸ் வாசித்தார். கிட்டார் பீட் லூயிஸ். முடிவில் கேட்கும் ஊளை குழுவினர் இட்டது.

மார்ச் 8
ஹூஸ்டனின் பீகாக் நிறுவனம் 1953இல் வெளியிட்ட அந்த இசைத்தட்டு, பில்போர்டு இதழின், கறுப்பின மக்களின் இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. தமக்குக் கிடைத்ததெல்லாம் 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பிற்காலத்தில் சொன்னார். அதைப் படித்தபின் இன்று வேறெதுவும் எழுத மனம் வரவில்லை.

மார்ச் 11
லாஸ் வேகாஸில் பாடிவந்த ஃபிரெடி பெல்லின் குழு சொற்களை மாற்றி, முயல் பிடிக்கத் தெரியாத நாயைப் பற்றிய வேடிக்கைப் பாட்டாக இதை ஆக்கியது. அங்கே அதைக் கேட்ட எல்விஸ் பிரெஸ்லி, 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தார். உலகம் அறிந்தது அந்த வடிவத்தைத்தான். விரட்டப்பட்ட ஆணும் விரட்டிய பெண்ணும் அதில் இல்லாமல் போனது எனக்கு இன்றும் பெரும் இழப்பாகவே படுகிறது. எல்விஸின் பாட்டில் வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோபம் யார்மேல் என்பது தெரியவில்லை.

மார்ச் 12
மறுபடியும் தார்ன்டன். லூயிஸின் கிட்டார் தனித்து ஒலிக்கும் இடத்தில் அவர் வாய்மூடி நிற்கவில்லை. அதட்டியும் ஊக்கியும் இடைவிடாமல் பேசிக்கொண்டே, அந்த வாசிப்பையும் தம் வசவுக்குள் இழுத்துக்கொள்கிறார். அந்த ஓர் இடத்தை மட்டும் மூன்று முறை கேட்டேன்.