ஒரு குளிர்காலமும் ஒரு மீட்டர் நோட்டும்

வீட்டைச் சூடாக்க எரிக்கும் கேஸுக்கான ஹீட்டிங் பில் வந்த அன்று முதலில் தொகையைப் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறையும் தொகையையே பார்த்தேன். முந்தைய வருடம் அதே மாதத்துக்குக் கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "கணக்குல ஏதோ கோளாறு, போன் பண்ணிக் கேளு" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா மட்டும் மெதுவாக, "நான் வந்து உக்காந்ததாலயா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு 74 வயது. அந்த வருடம்தான் எங்களோடு வந்திருந்தாள்.

கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். முக்கால் மணி நேரம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் லைனில் வந்து, மீட்டர் ரீடிங் சொல்லுங்கள் என்றாள். மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளுக்குப் பின்னால் இருந்தது மீட்டர். குடிவந்த நாளுக்குப் பிறகு நான் அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஏழு மாதமாக அவர்களும் பார்க்கவில்லையாம். ஒவ்வொரு பில்லிலும் ரீடிங்குக்குப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்று பொடி எழுத்தில் போட்டிருந்திருக்கிறது. உண்மையான ரீடிங்கைச் சொன்னால் பணம் குறையும் என்ற நம்பிக்கையில் தவழ்ந்து போய் வாசித்தேன். மீட்டர் அவர்கள் மதிப்பீட்டையும் தாண்டி ஓடியிருந்தது. வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

இடையில் கட்டணம் வேறு ஏறியிருந்தது. பழைய விலையில் எரித்த கேஸில் ஒரு பகுதி, மதிப்பீடு குறைவாக இருந்ததால், புது விலைக் கணக்கில் வந்து விழுந்துவிட்டது. இது அநியாயம் என்றேன். விலை மாறிய அன்று எடுத்த ரீடிங் இருக்கிறதா, போட்டோ இருக்கிறதா என்றார்கள். ஏது? நான்கு முறை பேசியதில் கிடைத்தது, பாக்கியை எட்டு மாதத் தவணையாகக் கட்டிக்கொள்ளலாம் என்பது மட்டும்தான். அதையும் நானாகக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். கட்ட முடியாது என்று தெரிந்தால் கெடு தேதிக்கு முன்பே கூப்பிட்டுவிடுங்கள். தேதி தாண்டிவிட்டால் அவர்கள் பேசுகிற விதமே வேறு.

மறுநாள் ஒரு பழைய நோட்டில் கயிறு கோத்து மீட்டர் பக்கத்தில் தொங்கவிட்டேன். தேதி, ரீடிங், வெளியே எத்தனை டிகிரி, காற்று உண்டா இல்லையா என்று நான்கே கட்டம். எங்கள் மீட்டர் கன மீட்டரில் காட்டும், பில்லோ கிலோவாட் மணியில் வரும். ஒரு கன மீட்டர் கேஸுக்கு ஏறக்குறைய 10, 11 கிலோவாட் மணி என்று வைத்துக்கொண்டால் அன்றன்றைய செலவு அன்றன்றைக்கே புரிந்துவிடும். பத்தாவது நாள் நோட்டைப் புரட்டியபோது இரண்டு வரிகள் இடித்தன. வெளியே 2 டிகிரி, இலை அசையாத நாள்: 9 கன மீட்டர். 7 டிகிரி, ஜன்னல் ஊளையிட்ட நாள்: 11. குளிர் கூடினால் செலவு கூடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் காசைத் தின்றது காற்று. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். காற்று பலமாக அடித்த ஒரு ராத்திரி, ஜன்னல்களை எல்லாம் மூடி, பத்தியை ஏற்றிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தேன். திரைச்சீலைப் பக்கம் மட்டும் ஜாக்கிரதை. புகை நூல் பிடித்தது போல நேராக ஏறிக்கொண்டே வரும், இடுக்கு வந்ததும் சட்டென்று படுத்துவிடும். வாசல் கதவின் அடி, கடிதம் போடும் துளை, தரைக்கும் சுவருக்கும் நடுவில் பலகை விட்டிருந்த இடைவெளி, அம்மா அறை ஜன்னலின் கீழ் மூலை. ஒரு பிளக் பாயின்ட் வழியாகக்கூடக் காற்று வந்தது, அதை யார் நினைத்தோம்? எல்லாவற்றையும்விட மோசம் பரணுக்கு ஏறும் கதவுதான். மற்ற இடத்தில் புகை உள்பக்கம் தள்ளப்பட்டது; அங்கே மட்டும் யாரோ மேலிருந்து உறிஞ்சுவது போல சரசரவென்று மேலே போனது. சூடான காற்று லேசானது, உச்சியில் வழி கிடைத்தால் ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் கீழே கதவிடுக்கு வழியாகக் குளிர் காற்று உள்ளே வருகிறது. ஆக வாசல் கதவில் அடித்த காற்றுக்குப் பாதி காரணம் பரண் கதவு.

அதன் விளிம்பு முழுக்க ஒட்டும் ஸ்பான்ஜ் பட்டை ஒட்டி, மேல்பக்கம் தெர்மாகோல் பலகை ஒன்றைப் பொருத்தினோம். ஒரு மணி நேர வேலை. கதவடிக்கு அம்மா ஒரு பழைய போர்வையைக் கிழித்து, கந்தல் அடைத்து, மலைப்பாம்பு போல நீளமாக ஒன்று தைத்துக் கொடுத்தாள். அடுத்து காற்று அடித்த நாளில் நோட்டில் 9 எழுதினேன். எழுதிவிட்டு இன்னொரு முறை தவழ்ந்து போய்ச் சரிபார்த்தேன்.

இதற்கிடையில் வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கி வந்தார். கொஞ்சம் கரண்டில் வீடு முழுக்கச் சூடாகும் என்று அட்டையில் போட்டிருந்ததாம். அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினேன்: 2000 வாட். மணிக்கு 2 யூனிட், அதாவது 2 கிலோவாட் மணி. எண்ணெய் ஊற்றியதோ, ஃபேன் வைத்ததோ, கண்ணாடி மாட்டியதோ, 2000 வாட் ஹீட்டர் எதுவானாலும் தருகிற வெப்பம் அதே 2000 வாட்தான். எங்கள் கட்டணத்தில் கரண்ட் யூனிட் கேஸ் யூனிட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். "ஏங்க, இதைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க" என்றேன். திருப்பிக் கொடுத்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு மின்சாரப் போர்வை வந்தது. அது 100 வாட். எட்டு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. அறையைச் சூடாக்குவது வேறு, ஆளைச் சூடாக்குவது வேறு.

உள்ளே சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு, மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தன. உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மேல்மூலைத் திருகைச் சாவியால் கால் சுற்று திறந்தால் 'புஸ்' என்று காற்று போய்க் கடைசியில் கறுப்புத் தண்ணீர் துப்பும். பழைய துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தக் கறை போகாது. இன்னொரு ரேடியேட்டருக்கு எதிரே சோபா. மூன்று வருடமாகச் சோபாவின் முதுகுக்குத்தான் வெதுவெதுப்பு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கேஸை எரித்து ரேடியேட்டர்களுக்கான தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் விஷயம்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது. எங்களுடையது கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த நீராவி பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து நீராகி, தன்னிடமுள்ள வெப்பத்தை விட்டுவிட்டுப் போகும். இல்லையென்றால் அதுவும் புகையோடு வெளியே போய்விடும். எங்கள் பாய்லர் ரேடியேட்டர்களுக்கு 75 டிகிரியில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. பொருத்தியவர் வைத்துவிட்டுப் போனது அது, யாரும் தொட்டதில்லை. 65 ஆக்கினேன், ஒரு வாரம் கழித்து 57. வீடு சூடாக முன்பைவிட நேரம் பிடித்தது, அதனால் காலையில் அரை மணி முன்னதாக ஓடவிட்டேன். வெளியே சுவரில் ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு, நீராவி நீராகி வருவது அதில்தான். முன்பு எப்போதாவது ஒரு சொட்டு விழும். இப்போது நின்று பார்த்தால் சொட்டு சொட்டென்று விடாமல் விழுந்தது. காசு சொட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே சந்தர்ப்பம். (தண்ணீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் ஏற்பாடு உள்ளவர்கள் அந்தத் தொட்டியின் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். லெஜியனெல்லா என்ற கிருமி வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பெருகும்.)

வெற்றி தலைக்கேறிவிட்டது. கண்ணில் பட்ட துளையெல்லாம் அடைத்தேன். கூடத்தில் ஒரு பழைய கேஸ் கணப்பு இருக்கிறது. அதற்கு எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம். அதிலும் ஒரு துணியைத் திணித்தேன். வருடாந்திர சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி, துணியை உருவி, என் கையில் வைத்தார். பிறகுதான் பேசினார். அந்தக் கணப்பு எரியத் தேவையான காற்றை அறையிலிருந்துதான் எடுக்கிறது. துவாரத்தை அடைத்தால் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஒரு வாரமாக மாலை நேரத்தில் எல்லோருமாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அன்று சாயங்காலமே அலாரம் வாங்கி மாட்டினோம். இன்றைக்கும் அந்தத் துணியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதோடு நிற்கவில்லை. அம்மாவின் அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் கறுப்புப் பூஞ்சை, கை அகலத்துக்கு. ஈரப்பத மீட்டர் 78 சதவீதம் காட்டியது. காற்று வெளியே போக வழியில்லை, துணியை வேறு உள்ளேயே காயப்போடுகிறோம், நான்கு பேர் மூச்சும் குளியல் ஆவியும் குளிர்ந்த சுவரில்தான் போய் உட்காரும். இப்போது காலையிலும் மாலையிலும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் முழுசாகத் திறந்துவிடுகிறோம். நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்துவைப்பதைவிட இது மேல். காற்று மாறிவிடும், சுவரின் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஈரப்பதம் 60க்குக் கீழே இறங்க மூன்று வாரம் ஆனது.

வீட்டுக்குள் எத்தனை டிகிரி வேண்டும் என்று திருகி வைக்கும் தெர்மோஸ்டாட் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியம் இல்லை. அந்த நாட்களில் அதை 16இல் வைத்திருந்தேன். கணக்கு எளிது: வெளியே 5 டிகிரி, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 15. ஒரு டிகிரி குறைத்தால் வீடு இழக்கும் வெப்பத்தில் பதினைந்தில் ஒரு பங்கு மிச்சம். நான் அந்தக் கணக்கிலேயே இருந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் மாத்திரை கொடுக்கும்போது கை பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. ஸ்வெட்டருக்குள் இன்னொரு ஸ்வெட்டர். "ஏம்மா சொல்லல?" என்றேன். "நீ அந்த நோட்டுல எழுதும்போது மூஞ்சியப் பாத்தேன்டி. எதுக்குச் சொல்லிக்கிட்டு" என்றாள்.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது வேண்டும் என்கிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் மேல் தேவைப்படலாம். அன்றிலிருந்து அம்மா அறை 21. கூடம் 19. யாரும் படுக்காத அறையில் ரேடியேட்டர் வால்வை இறக்கிவைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம், முழுக்க அணைப்பதில்லை, பூஞ்சை பயம். அம்மா அறையைச் சூடாக்கியதில் நோட்டில் நாளுக்கு அரை கன மீட்டர் கூடியது. கூடட்டும்.

சீசன் முடிவில் கூட்டிப் பார்த்தேன். முந்தைய குளிர்காலத்தைவிடக் கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகமாக கேஸ் குறைந்திருந்தது. கட்டிய பணம் குறைந்ததா என்றால், இல்லை. விலை ஏற்றம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. தவணையில் இன்னும் மூன்று பாக்கி.

அடுத்த விலை ஏற்றம் ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவில் அமலுக்கு வருவதாக மெயில் வந்தது. இந்த முறை பதினொன்றே முக்காலுக்கே செருப்புகளை ஒதுக்கிவிட்டு மீட்டர் முன்னால் குந்திவிட்டேன். அம்மா தூக்கம் வரவில்லை என்று டார்ச் பிடிக்க வந்தாள். கடைசிச் சக்கரம் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றது.

"எட்டாம்மா, ஒன்பதா?"

"ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. இன்னிக்கு வெலைதான குறைச்சல், ஒன்பதுன்னே போடேன்."

"போட்டோல எட்டுன்னுதாம்மா விழும்."

"அப்ப இரு" என்று அம்மா தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "பன்னெண்டு ஆக இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல. நகந்துடும்."